17 பிள்ளைக்கு 2 ஆசிரியர்: இந்தப் பள்ளி தேவைதானா?

ஜூன் 3, 2025, காலை (நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

அக்கா, உங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மொத்தம் 17 பிள்ளைகள் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆசிரியர்கள் இரண்டு பேர். அவர்கள் சம்பளத்தைக் கூட்டி 17-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்தக் காசில் ஒவ்வொரு பிள்ளையையும் வேன் கட்டணத்தோடு மன்னார்குடியில் தனியார் பள்ளியில் படிக்க வைத்துவிடலாம். எங்கள் ஊரில் இன்னும் மோசம், 11 பேர்தான். பெற்றோர் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அரசு மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? மூடிவிட்டு அந்தப் பணத்தைத் தனியார் பள்ளிக்கே கொடுத்தால் பிள்ளைகளுக்கு நல்லதுதானே? பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறீர்கள், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

தம்பி, கோபம் வந்தது. பகல் முழுக்க அடக்கி வைத்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

நீ வகுத்தது சரி. இரண்டு பேர் சம்பளம் பெரிய தொகைதான். ஆனால் அந்த 17 எப்படி வந்தது என்று நீ கேட்கவில்லை. 1985-ல் நான் இதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தபோது நூற்று நாற்பது பேர் இருந்தோம், ஐந்து ஆசிரியர்கள். மத்தியானம் சத்துணவு. என் அப்பா படித்ததும் இங்கேதான். காமராசர் காலத்து மதிய உணவு வந்த பிறகுதான் தாத்தா அவரை மாடு மேய்க்கிற வேலையிலிருந்து எடுத்துப் பள்ளிக்கு அனுப்பினாராம். ஒரு வேளைச் சோறு மிச்சம் என்றுதான் அனுப்பினார். அப்பா எட்டாவது வரை படித்தார். கொள்முதல் நிலையத்தில் எடைச் சீட்டைத் தானே படித்துச் சரிபார்க்கிற முதல் ஆள் எங்கள் தெருவில் அவர்தான்.

பிள்ளைகள் போனதற்குக் காரணம் ஆங்கிலம். டை கட்டி, ஷூ போட்டு, ரைம்ஸ் சொல்கிற பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டு அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன், அதை அப்புறம் சொல்கிறேன்.

ஜூன் 5

முந்தாநாள் ஆங்கிலம்தான் காரணம் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நேற்றும் இன்றும் தலைமையாசிரியரோடு சேர்க்கைக்காக வீடு வீடாகப் போனேன். கையில் ஒரு நோட்டு. ஊரில் 5 முதல் 10 வயதுக்குள் 46 பிள்ளைகள் இருக்கிறார்கள். 17 பேர் நம் பள்ளி. 3 பேர் பக்கத்து ஊர் அரசு உதவிபெறும் பள்ளி. மீதி 26 பேர் வேன்.

வேனில் போகிற பிள்ளைகளின் வீடுகளில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: எப்போது அங்கே சேர்த்தீர்கள்? இரண்டு வீட்டைத் தவிர எல்லோரும் சொன்ன பதில், எல்.கே.ஜி.

ஒன்றாம் வகுப்பில் ஆங்கில வழி நம் பள்ளியிலும் இருக்கிறது. அதைச் சொன்னால், “அது தெரியும் அக்கா, பிள்ளை அங்கே இரண்டு வருடமாகப் பழகிவிட்டதே” என்கிறார்கள். மூன்றரை வயதில் வேன் ஏறிய பிள்ளையை ஐந்து வயதில் இறக்கி இங்கே கொண்டுவர யாருக்கும் மனசு வரவில்லை. சிநேகிதப் பிள்ளைகள் அங்கே, மிஸ் அங்கே, கட்டிய பணம் அங்கே.

நம் பள்ளி வளாகத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. அந்த அம்மா நல்லவர். ஆனால் எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்கு மாவு கொடுப்பது, தடுப்பூசிக்கு ஆள் கூட்டுவது எல்லாம் அவர் ஒருவர் தலையில். பாடம் நடத்த அவருக்கு நேரம் ஏது? 2019 ஜனவரியில் அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. எல்லாம் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்தவை. நம்முடையது தொடக்கப் பள்ளி என்பதால் கிடைக்கவில்லை. அந்த 2,381-ஐயும் 2022-ல் நிறுத்தப் பார்த்து, எதிர்ப்பு வந்த பிறகு தொடர்ந்தார்கள். அதற்கு எடுத்த சிறப்பாசிரியர்களுக்கு மாதம் 5,000 ரூபாய்.

ஆக, தம்பி, பெற்றோர் முடிவு செய்துவிட்டார்கள் என்று நீ சொன்னது பாதிதான் உண்மை. அவர்கள் முடிவு செய்கிற வயதில் அரசுப் பள்ளிக்கு அங்கே கதவே இல்லை.

ஜூன் 12

இன்று மேட்டூர் திறந்தார்கள். தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாறு பிரிந்து, எங்கள் வாய்க்காலுக்கு எட்ட இன்னும் நாள் ஆகும். நாற்றங்காலுக்கு உழவு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதத்தில் டெல்டாக்காரன் கையில் காசு இருக்காது. சம்பா நெல் போட்ட பணம் தையிலோ மாசியிலோ வரும், சித்திரைக்குள் கரைந்துவிடும். பள்ளிக் கட்டணம் கேட்பதோ ஜூனில். கூட்டுறவு வங்கியில் இந்த மாதம் நகையோடு நிற்கிற பெண்களைப் போய்ப் பார். விதைக்கு, உரத்துக்கு என்று நினைப்பாய். பாதிப் பேர் பள்ளிக் கட்டணத்துக்கு நிற்கிறார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன் என்றேன். மூத்தவனை 2013-ல் எல்.கே.ஜி.க்கு நகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். நான்காம் வகுப்பு வரை போனான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல். எங்கள் 40 தென்னையில் 31 விழுந்தன, வீட்டு ஓடு பறந்தது. எந்த இடத்தில் தங்கினோம் தெரியுமா? இதே ஒன்றியப் பள்ளியில். அதன் மேற்குப் பக்க ஓடும் போயிருந்தது. கிழக்கு அறை மட்டும் நின்றது. அந்த ஒரு அறையில் ஒன்பது நாள் நாற்பது பேர் படுத்தோம். சத்துணவுக் கூடத்து அடுப்பில்தான் கஞ்சி.

டிசம்பரில் அவன் பள்ளி திறந்ததும் இரண்டாம் பருவக் கட்டணம் கேட்டார்கள். அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அரையாண்டுத் தேர்வு அன்று அவனையும் இன்னும் நான்கு பிள்ளைகளையும் வராந்தாவில் நிறுத்தி வைத்தார்கள். ஒன்பது வயது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “எனக்கு இன்று பரீட்சை இல்லையாம்மா” என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, அன்றைக்குச் சொன்னான்.

மாற்றுச் சான்றிதழ் கேட்டால் பாக்கியைக் கட்டச் சொன்னார்கள். ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியர்தான், “சான்றிதழ் இல்லையென்று பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது, நாளைக்கு அழைத்து வாருங்கள்” என்றார். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் அது இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். மறுநாள் அந்தக் கிழக்கு அறையில் உட்கார்ந்தான். இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன். மகள் இங்கே மூன்றாம் வகுப்பு.

ஜூன் 13

கட்டணத்தை அரசுக் குழு நிர்ணயிக்கிறதே என்று ஒருவர் கேட்கிறார். ஆமாம், 2009-ல் சட்டம் வந்தது, குழுவும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கிற தொகை வேறு, என் கையில் கொடுத்த சீட்டு வேறு. நோட்டு, சீருடை, வேன், ‘ஆக்டிவிட்டி’ என்று தனித்தனிச் சீட்டு வரும்.

பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜூன் 21

பணக்கணக்குக்கு வருகிறேன். பள்ளிக்கு வருடா வருடம் வருகிற பராமரிப்பு மானியம் பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000.

எங்களுக்கு 10,000. அதில் சுண்ணாம்பு, சாக்பீஸ், கழிப்பறை ஆசிட், விளக்குமாறு, குழாய் ரிப்பேர், மின்விசிறிக் காயில், பதிவேடுகள். போன வருடம் மோட்டார் எரிந்தது, 4,800 ரூபாய். மீதியில் வருடம் ஓடியது. கழிப்பறை சுத்தம் செய்ய வருகிற அம்மாவுக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம்தான், அதுவும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வரும். அவர் வராத நாளில் நானும் இன்னொரு அம்மாவும் கழுவியிருக்கிறோம்.

பிள்ளை குறைந்தால் மானியம் குறைகிறது. ஆனால் கூரை சின்னதாகிவிடுவதில்லை. 17 பிள்ளைக்கும் அதே மோட்டார்தான், அதே கழிப்பறைதான். மானியம் குறைந்ததும் கழிப்பறை நாறுகிறது. கழிப்பறை நாறினால் இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள் வேன் ஏறுகிறார்கள்.

ஆசிரியர் விஷயமும் இப்படித்தான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் அட்டவணை. தலைக்கு எண்ணுகிறார்கள், வகுப்புக்கு எண்ணுவதில்லை. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால், மற்றவர் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் வருகைப்பதிவு ஏற்றிக்கொண்டு ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துக்கொண்டு இருப்பார். “அங்கே வகுப்புக்கு ஒரு மிஸ் இருக்கிறார்களே” என்று ஒரு தாய் சொன்னால் நான் என்ன பதில் சொல்வது? அவள் சொல்வது நியாயம்.

ஜூன் 22

நேற்று விட்டுப்போன ஒன்று. இதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது.

கொரோனா முடிந்து 2021-ல் பள்ளி திறந்தபோது நம் பள்ளியில் 38 பிள்ளைகள் ஆனார்கள். தமிழ்நாடு முழுக்கவே அந்த வருடம் தனியாரிலிருந்து அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கட்டணம் கட்ட முடியவில்லை, ஆன்லைன் பாடத்துக்குப் போன் இல்லை. எப்படி வந்தால் என்ன, வந்தார்கள். இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர் இரண்டு பெண்கள் சாயங்காலம் மாரியம்மன் கோயில் திண்ணையில் பாடம் சொன்னார்கள். மாதம் 1,000 ரூபாய் அவர்களுக்கு. ஊரே கலகலவென்று இருந்தது.

அந்த வருடம் மூன்றாவது ஆசிரியர் ஒருவரைக் கொடுத்திருந்தால்? அட்டவணைப்படி 38-க்கும் இரண்டு பேர்தான். இடிந்த மேற்கு அறையைக் கட்டிக் கொடுத்திருந்தால்? 38 பிள்ளைகள் ஒரு அறையிலும் வேப்ப மரத்தடியிலும் உட்கார்ந்தார்கள். இரண்டே வருடத்தில் பெரும்பாலானவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். வந்தவர்களைத் தக்கவைக்கக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான். கையில் வந்ததை விட்டுவிட்டோம்.

ஜூலை 16

இன்று கும்பகோணம் நாள். 2004, காசிராமன் தெரு. பள்ளித் தீயில் போன 94 பிள்ளைகள்.

அது அரசு உதவியோடு தனியார் நிர்வாகத்தில் நடந்த பள்ளி. ஒரே கட்டடத்தில் பல பிரிவுகள், நெருக்கடி, குறுகலான மாடிப்படி, கீற்றுக் கூரை. சமையல் கூடத்துத் தீ கூரையில் பற்றியது. அன்றைக்கு எனக்குத் திருமணமான புதிது. டிவியில் அந்தப் பாய்களைப் பார்த்துவிட்டு மாமியாரும் நானும் இரண்டு நாள் சோறு பொங்கவில்லை. அதற்கப்புறம்தான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரையை இறக்கினார்கள். எங்கள் சத்துணவுக் கூடத்துக்கும் அப்போதுதான் தளம் போட்டார்கள்.

பணத்தைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் போதும் என்கிறாயே தம்பி, கொடுத்த பணம் பிள்ளைக்குப் போகிறதா என்று போய்ப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளைக் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து ஊர் பார்த்துவிட்டது.

ஜூலை 18

முந்தாநாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்தப் பிள்ளைகளை ஒரு வாதத்துக்கு இழுத்தது சரியில்லை. அரசுப் பள்ளிகளிலும் அன்றைக்குக் கீற்றுக் கூரை இருந்தது. மேற்பார்வை இரண்டு பக்கமும்தான் இல்லை. இங்கே சுவர் இடிந்து பிள்ளைகளுக்கு அடிபட்ட செய்தியும் படித்திருக்கிறோம். எங்கள் மேற்கு அறைப் பக்கம் பிள்ளைகளை விடாமல் நாங்களே முள் வைத்து அடைத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 26

இன்று நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டது. எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் இதை விரிவாக்கித் தொடங்கியது நம் பக்கத்தில்தான், 2023 ஆகஸ்ட் 25, திருக்குவளை. டிவியில் பார்த்துவிட்டு மறுநாள் எங்கள் பள்ளியில் ரவா உப்புமா கிண்டியபோது நான் போய் நின்றேன்.

இது யாருக்கு என்று டெல்டாவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்குப் புரியாது. நடவுக் காலத்தில் பெண்கள் காலை ஆறு மணிக்கு வயலில் இறங்கிவிடுவார்கள். நேற்று ராத்திரித் தண்ணீர்ச் சோறு இருந்தால் பிள்ளைக்கு உண்டு, இல்லாவிட்டால் மத்தியானம் வரை ஒன்றுமில்லை. இப்போது எட்டே காலுக்குப் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து மணிக்கு மயங்கி விழுகிற பிள்ளை இப்போது ஒன்றுகூட இல்லை. சமைக்கிறவர்கள் எங்கள் மகளிர் குழுப் பெண்கள்தான். கிச்சடி அன்றைக்கு வருகை முழுசாக இருக்கும்.

இதனால் எண்ணிக்கை கூடியதா என்று நீ கேட்பாய். இல்லை. வேனில் போகிறவர்கள் உப்புமாவுக்காகத் திரும்பவில்லை. இருக்கிற 17 பேர் ஒழுங்காக வருகிறார்கள், அது எனக்குப் போதுமான பதில். அந்த 17 பேரில் 13 பேர் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். பள்ளியை மூடினால் முதலில் தெருவில் நிற்பது இவர்கள்தான். உன் கணக்கில் வேன் கட்டணம் போட்டாய், இந்தத் தட்டைப் போடவில்லை.

செப்டம்பர் 7

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் காலி. அதைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பினார்கள். 2022-ல் இந்த முறை வந்தபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. அப்புறம் 12,000, 15,000, 18,000 என்று உயர்த்தினார்கள். நேர்காணலில் உதவிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வந்தவர்களில் ஒரு பெண், தகுதித் தேர்வு எழுதித் தேறி வருடக்கணக்காக நிரந்தர வேலைக்குக் காத்திருப்பவர். ஒரு தனியார் பள்ளியில் 8,000-க்கு வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நன்றாகப் பாடம் நடத்திக் காட்டினார். எல்லோரும் அவரைத்தான் சொன்னோம். ஏப்ரலோடு அவருக்கு வேலை முடிந்துவிடும், மே மாதம் சம்பளம் கிடையாது.

2012-ல் ஓவியம், தையல், கணினி, உடற்கல்வி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், 5,000 ரூபாய்க்கு. 2025-ல் 12,500. பதின்மூன்று வருடம் கழித்தும் பகுதிநேரம்தான்.

தனியார்மயம் என்றால் பள்ளியை யாருக்காவது விற்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர்ப்பலகை அரசுடையதாகவே இருக்க, உள்ளே வேலை செய்கிறவர்களைத் தனியார் பள்ளி நடத்துகிற மாதிரியே நடத்த ஆரம்பித்தாலும் அதுதான். அந்த நேர்காணல் தாளில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேண்டுமே என்றுதான் போட்டேன். இன்னொரு தரம் கேட்டாலும் போடுவேன், ஆனால் மனசு கேட்கவில்லை.

செப்டம்பர் 20

“மாநில அரசு பள்ளிக் கல்விக்கு இந்த வருடம் 46,767 கோடி ஒதுக்கியிருக்கிறதே, பணம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்” என்று தம்பி திரும்பவும் கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி. அதில் பெரும்பகுதி சம்பளம். அது செலவாகத்தான் வேண்டும், ஆசிரியர்தான் பள்ளி. ஆனால் மானியம், பயிற்சி, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் என்று பள்ளிக்குள் கண்ணில் படுகிற பல செலவுகள் சமக்ர சிக்ஷா என்கிற மத்திய, மாநிலக் கூட்டுத் திட்டத்திலிருந்து வருகின்றன. மத்திய அரசு 60, மாநிலம் 40. 2024-25-க்கு மொத்தம் 3,586 கோடி. மத்திய அரசின் பங்கு 2,152 கோடி. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று அதைத் தராமல் நிறுத்திவிட்டார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் புதிய கல்விக் கொள்கையை முழுசாக ஏற்றுக்கொள்ள வேண்டும், மும்மொழி உட்பட. மாநிலம் மே மாதம் உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது.

மொழிக் கொள்கையில் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், எங்கள் கழிப்பறை ஆசிட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் என் கேள்வி. சண்டை டெல்லிக்கும் சென்னைக்கும். குறைவது இங்கே.

இதே பணம் நின்றதால் தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிற 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கையும் இந்த வருடம் இன்னும் தொடங்கவில்லை. அந்த இடங்களுக்கு அரசுதான் கட்டணம் கட்டுகிறது. தமிழ்நாட்டில் அது எல்.கே.ஜி.யிலிருந்தே ஆரம்பிக்கிறது. யோசித்துப் பார். என் ஊர்ப் பள்ளியில் எல்.கே.ஜி. வைக்கக் காசில்லை என்கிற அரசு, தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கக் காசு கட்டுகிறது. எங்கள் ஊர் 26 பேரில் பாதிக்கு மேல் இப்படித்தான் போயிருப்பார்கள்.

செப்டம்பர் 21

கடைசி வரி தவறு. தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சொன்னார். 25 சதவீத இடத்துக்குப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். எங்கள் ஊர் எட்டு கிலோமீட்டர். 26 பேரில் ஒருவருக்கும் கிடைத்திருக்காது. திரும்ப விசாரித்தேன், ஒருவருக்கும் இல்லை. 26 வீடும் சொந்தக் காசு, நகைக்கடன், சிங்கப்பூரிலிருந்து வருகிற பணம்.

நகரத்தில் இருக்கிற என் நாத்தனார் மகளுக்குக் கிடைத்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்தப் பிள்ளையின் இடத்தை யாரும் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு முந்தின வரியை மாற்றமாட்டேன்.

அக்டோபர் 2

விஜயதசமி. காலையில் பள்ளியில் நெல்லைத் தட்டில் பரப்பி ‘அ’ எழுத வைத்தோம். மூன்று பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு பேர் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள். இப்போது 19. மூன்றாவது பிள்ளைக்கு மூன்றே கால் வயது. அவள் அம்மா, “இங்கேயே உட்கார வைத்துக்கொள்ளுங்களேன்” என்றாள். எந்தப் பதிவேட்டில் எழுதுவது? அங்கன்வாடியில் உட்கார வைத்தோம். வரும் ஜூனில் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும்.

தத்தெடுப்பு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். போன டிசம்பரில் தனியார் பள்ளிகள் சங்கம் 500 அரசுப் பள்ளிகளைத் தத்தெடுக்கப்போவதாகச் செய்தி வந்து பெரிய சத்தம் ஆனது. அமைச்சர், தத்துக் கொடுக்கவில்லை, ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில் உதவிதான் என்று விளக்கினார். உதவி வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை. கஜாவுக்குப் பிறகு வந்த பெஞ்சுகள் யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்தவை, இன்றும் அதில்தான் உட்காருகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு டிவி வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் பெஞ்சு கொடுக்கிறவர் பெஞ்சைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஆசிரியர் யார், பாடம் என்ன, பள்ளி நிலம் யாருடையது என்பதில் கை வைக்கக் கூடாது. எங்கள் பள்ளிக்கு 62 சென்ட் நிலம், மெயின் ரோட்டு ஓரம். என் அப்பாவின் தலைமுறையில் ஒரு குடும்பம் எழுதிக் கொடுத்தது. பள்ளி மூடினால் அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்கள் எத்தனை என்று ஊரில் இருக்கிற எங்களுக்குத் தெரியும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், ஊர்க்காரர்கள் கோபித்தாலும் சரி. மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இரண்டு மாதத்தில் பதினெட்டு லட்சம் வசூல் ஆனது. நானும் கொடுத்தேன், மனசாரக் கொடுத்தேன். பள்ளிச் சுற்றுச்சுவருக்கு நான்கு வருடமாக மனு கொடுக்கிறோம். ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் ஜனவரியில் முடிந்துவிட்டது, இப்போது தனி அலுவலர்தான். அவருக்கு எத்தனை ஊர். போன தையில் ஒரு மாடு வகுப்புக்குள் வந்துவிட்டது.

அக்டோபர் 8

25 சதவீதச் சேர்க்கை இந்த வாரம் தொடங்கியிருக்கிறது. மத்திய அரசு அந்தப் பங்கை மட்டும் விடுவித்ததாம். பள்ளி திறந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. கட்டணம் கட்டி ஏற்கெனவே சேர்த்தவர்கள் திரும்ப வாங்க அலைகிறார்கள்.

அக்டோபர் 23

மழை விடவில்லை. அறுவடைக்கு நின்ற குறுவை சாய்ந்து முளைத்துவிட்டது, கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் நனைகின்றன. இன்று பள்ளி இல்லை. எனக்கு எழுத மனசில்லை. கிழக்கு அறையிலும் ஒரு மூலை ஒழுகுகிறது, புத்தகங்களைத் தலைமையாசிரியர் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

நவம்பர் 5

வாக்காளர் பட்டியல் திருத்தம் நேற்று ஆரம்பித்தது. எங்கள் இளைய ஆசிரியரும் அங்கன்வாடி அம்மாவும் அந்த வேலையில் போய்விட்டார்கள். ஒரு மாதம். 19 பிள்ளைக்கும் அங்கன்வாடிச் சின்னதுகளுக்கும் சேர்த்துத் தலைமையாசிரியர் ஒருவர். நானும் இன்னொரு அம்மாவும் மாறி மாறிப் போய் உட்காருகிறோம். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு நான்தான் நேற்றுப் போட்டேன்.

தம்பி, ஐந்து மாதமாக உனக்கே பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் கணக்கை நான் ஏற்கவில்லை, ஆனால் நீ கேட்காமல் இருந்திருந்தால் அந்த 46 பேரை நான் எண்ணியே இருக்கமாட்டேன்.

மனு எழுதிவிட்டோம். மூன்று கேட்டிருக்கிறோம்: எங்கள் வளாகத்தில் எல்.கே.ஜி.யும் அதற்கு ஓர் ஆசிரியரும், மேற்கு அறை, சுற்றுச்சுவர். சுவரைக் கடைசியில் போட்டேன், முதலில் எல்.கே.ஜி. 31 தாய்மார்கள் கையெழுத்து, அதில் 14 பேர் வேனில் அனுப்புகிறவர்கள். அவர்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளை இங்கே விடுகிறோம் என்று பக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே பட்டியல்: ஊரில் இரண்டரை முதல் நான்கு வயதுக்குள் 12 பிள்ளைகள், பெயர், பிறந்த தேதியோடு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலகம் போகிறோம். உங்கள் ஊரிலும் 11 பேர் என்றாயே. உங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைகள் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு நீயும் வா. இரண்டு ஊர்ப் பட்டியலையும் சேர்த்தே கொடுப்போம்.